கடிக்கும் காலுறைகள்

ரத்தக் கட்டியைத் தடுக்க மருத்துவமனையில் மாட்டிவிடும் இறுக்கமான காலுறைகளும் காற்றுப் பட்டைகளும் தோலைப் புண்ணாக்கவும் செய்கின்றன. தடுக்கும் வழி எளிது: தினமும் கழற்றிப் பார்க்க வேண்டும். யார் பார்ப்பது என்பதுதான் சிக்கல்.

தில்லி, மும்பை, பெங்களூர் என்று எந்த ஊரிலும் பெரிய மருத்துவமனை ஒன்றின் வார்டு வழியே நடந்து போனால் அந்தக் கால்களைப் பார்க்கலாம். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன பாட்டி, பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்ட கடைக்காரர், முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்ட ஓய்வுபெற்ற ஆசிரியை. நோய் வேறு, வயது வேறு. ஆனால் கால்களில் ஒரே சீருடை. தொடைவரை இறுக்கிப் பிடித்திருக்கும் வெள்ளைக் காலுறை. இல்லையென்றால் கெண்டைக்காலைச் சுற்றிக் கட்டிய பட்டை. கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் சிறு பெட்டியிலிருந்து குழாய் வழியாகக் காற்று வருகிறது. நிமிடத்துக்கு ஒரு முறை பட்டை உப்பிக் காலை அழுத்துகிறது. பிறகு தளர்கிறது. 'டி.வி.டி. சாக்ஸ்', 'டி.வி.டி. பம்ப்' என்பவை வார்டில் இவற்றுக்கு வழங்கும் பெயர்கள்.

மாத்திரை கொடுத்தால் பக்க விளைவு உண்டா என்று கேட்கும் உறவினர்கள் காலுறையைப் பற்றிக் கேட்பதில்லை. ஊசி போட்டால் ரத்தக்கசிவு வரலாம். வெறும் துணி என்ன செய்துவிடும் என்ற நினைப்பு. டாக்டர்களில் பலரும் நீண்ட காலம் அப்படித்தான் நினைத்தார்கள். நினைப்பு தவறு என்பதைக் கணக்கெடுத்துக் காட்டியிருக்கிறது கடந்த சில ஆண்டுகளின் ஆராய்ச்சி. காலுறை ஒரு சிகிச்சை. அழுத்தம்தான் அதன் மருந்து. எந்த மருந்தையும் போலவே அளவு தவறினால், இடம் தவறினால், ஆள் தவறினால் அதுவும் கெடுதல் செய்யும். முதலில் அடிவாங்குவது தோல்.

தேங்கும் ரத்தம்

இதயம் ரத்தத்தைக் கீழே அனுப்புகிறது. கீழே போன ரத்தத்தை மேலே ஏற்றுவதில் பெரும்பங்கு கெண்டைக்கால் தசைகளுக்கு உண்டு. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் தசை சுருங்கி, உள்ளே இருக்கும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைகளில் உள்ள வால்வுகள் அது மறுபடி இறங்காமல் பார்த்துக்கொள்கின்றன. படுத்த படுக்கையாகிவிட்டால் இந்தப் பம்ப் நின்றுபோகிறது. ரத்தம் தேங்குகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் எளிதில் உறையும் நிலையிலும் இருக்கும். ஆழத்தில் உள்ள சிரைக்குள் கட்டி உருவாக இவ்வளவு போதும். இதுதான் 'டீப் வெயின் த்ராம்போசிஸ்', சுருக்கமாக டி.வி.டி.

கட்டி காலிலேயே இருந்தால் வீக்கமும் வலியும். அதிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டால் சில நிமிடங்களில் மரணம்கூட நேரலாம். கட்டி பயணம் செய்கிறது என்ற உண்மையை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய மருத்துவ மேதை ருடால்ஃப் ஃபிர்ச்சோ விளக்கிவிட்டார். ஆபரேஷன் வெற்றி, வீட்டுக்குக் கிளம்பும் நாளில் நோயாளி மயங்கி விழுந்து இறந்தார் என்று கேள்விப்படும் சம்பவங்கள் சிலவற்றின் பின்னணியில் இருப்பது இந்தக் கட்டிதான்.

இது வெள்ளைக்காரர்களின் வியாதி, இந்தியர்களுக்கு அவ்வளவாக வராது என்ற நம்பிக்கை இந்திய மருத்துவ உலகில் வெகுகாலம் இருந்தது. அதை அசைத்த ஆய்வுகளில் ஒன்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தது. 1996 முதல் 2005 வரையிலான பத்தாண்டு நோயாளிகளின் பதிவேடுகளை அலசியபோது, அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு 10,000 பேரிலும் சுமார் 17 பேருக்கு டி.வி.டி. இருந்தது தெரிந்தது. 32 நாடுகளில் நடந்த 'எண்டார்ஸ்' ஆய்வின் இந்தியப் பகுதி, 2006-07இல் 10 மருத்துவமனைகளில் 2,058 நோயாளிகளைப் பார்த்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கட்டி உண்டாகும் ஆபத்தில் இருந்தார்கள். அந்த ஆபத்தில் இருந்தவர்களில் முறையான தடுப்பு கிடைத்தது ஐந்தில் ஒருவருக்குக்கூட இல்லை.

ஆக, இந்தியாவின் முதல் குறை தடுப்பு போதாமைதான். அந்தக் குறையைச் சரிசெய்யப் புறப்பட்ட மருத்துவமனைகள் காலுறைகளையும் பம்ப்களையும் வாங்கிக் குவித்தன. சாதனம் வந்து சேர்ந்தது. அதைக் கண்காணிக்கும் பழக்கம் கூடவே வந்து சேர்ந்ததா என்பது வேறு விஷயம்.

நீச்சல் குளத்தில் பிறந்த யோசனை

காலை இறுக்கிக் கட்டினால் சிரை நோய்க்கு நல்லது என்பது பழைய அனுபவ அறிவு. அதை அளவெடுத்துச் செய்யும் கலையாக்கியவர் டாக்டர் அல்ல, ஓர் இன்ஜினியர். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டொலீடோ நகரில் வாழ்ந்த கான்ராட் ஜோப்ஸ்ட், காலில் சிரைப் புண்ணால் அவதிப்பட்டவர். நீச்சல் குளத்தில் நின்றால் வலி குறைவதைக் கவனித்தார். தண்ணீரின் அழுத்தம் பாதத்தில் அதிகம், மேலே வர வரக் குறைவு. இதே ஏற்ற இறக்கத்தைத் துணியில் கொண்டுவந்தால் என்ன? 1950ஐ ஒட்டி அவர் உருவாக்கிய காலுறைகள் ஒரு தொழிலுக்கே விதையாயின.

படுக்கையில் கிடப்பவர்களுக்கு எவ்வளவு அழுத்தம் தேவை என்பதை 1975இல் ஓர் ஆய்வு வகுத்துக் கொடுத்தது: கணுக்காலில் 18 மில்லிமீட்டர் பாதரசம், கெண்டையில் 14, முழங்காலுக்கு அருகே 8. ரத்த அழுத்தத்தை அளக்கும் அதே அலகுதான். கீழிருந்து மேலாகக் குறைந்துகொண்டே போக வேண்டும் என்பதே சூத்திரம்.

அதே 1975இல் இன்னொரு கதவும் திறந்தது. லண்டனில் பணியாற்றிய இந்திய வம்சாவளி அறுவை சிகிச்சை நிபுணர் விஜய் கக்கர் தலைமையில் 4,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, சிறு அளவு ஹெப்பாரின் ஊசி உயிர் காப்பதை நிரூபித்தது. ஊசி போடாத பிரிவில் நுரையீரல் அடைப்பால் இறந்தவர்கள் 16 பேர்; போட்ட பிரிவில் 2 பேர். அன்றிலிருந்து தடுப்புக்கு இரு வழிகள்: மருந்து, சாதனம். ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்கு, உதாரணமாக மூளையில் ரத்தம் கசிந்தவர்களுக்கு, மருந்து கொடுப்பது கத்திமேல் நடப்பது. அங்கேதான் சாதனத்தின் மவுசு கூடியது.

எடின்பரோ எழுப்பிய மணி

பக்கவாத நோயாளிகளுக்கு நீள காலுறை போடுவது 1990களிலும் அதற்குப் பின்னும் பிரிட்டனில் வழக்கமாக இருந்தது. ஆபரேஷன் நோயாளிகளுக்குப் பலன் தருகிறது, இவர்களுக்கும் தரும் என்பது அனுமானம். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் டென்னிஸ் தலைமையிலான குழு அந்த அனுமானத்தைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தது. பிரிட்டன், இத்தாலி, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் 2,518 நோயாளிகள். பாதிப் பேருக்குத் தொடைவரை காலுறை, பாதிப் பேருக்கு இல்லை. 'க்ளாட்ஸ்' என்று பெயரிட்ட இந்த ஆய்வின் முடிவு 2009இல் 'லான்செட்' இதழில் வெளியானது.

காலுறை போட்டவர்களில் முழங்காலிலோ அதற்கு மேலோ உள்ள பெரிய சிரைகளில் கட்டி வந்தவர்கள் 10 சதவீதம். போடாதவர்களில் 10.5 சதவீதம். அதாவது, சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. தோல் உரிதல், கொப்புளம், புண், தோல் அழுகல் ஆகியவை போடாதவர்களில் 1 சதவீதம். போட்டவர்களில் 5 சதவீதம். பலன் இல்லை, பாதிப்பு மட்டும் உண்டு. பிரிட்டனின் சிகிச்சை வழிகாட்டிகள் பக்கவாத நோயாளிகளுக்குக் காலுறை வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தன.

அப்படியானால் காற்றுப் பம்ப்? அதே குழு 2,876 பேரிடம் நடத்திய மூன்றாவது 'க்ளாட்ஸ்' ஆய்வு 2013இல் பதில் சொன்னது. பம்ப் போட்டவர்களில் கட்டி வந்தவர்கள் 8.5 சதவீதம், போடாதவர்களில் 12.1 சதவீதம். இது நிஜமான பலன். ஆனால் தோல் இங்கேயும் விலை கொடுத்தது. பம்ப் இல்லாதவர்களில் 20 பேருக்குத் தோல் உடைந்தது; பம்ப் போட்டவர்களில் 44 பேருக்கு. நூற்றுக்கு 3 பேர் என்பது சிறு எண்ணாகத் தோன்றலாம். ஆராய்ச்சிக்காகத் தனிக் கவனிப்பில் இருந்த வார்டுகளின் எண் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

துணி எப்படித் தோலைக் கிழிக்கிறது

புதுச் செருப்பு கடிப்பது எல்லோருக்கும் தெரியும். காலுறை கடிப்பதும் ஏறக்குறைய அதே கணக்குதான். ஒரே இறுக்கமுள்ள துணியைப் பருமனான இடத்தில் சுற்றினால் அழுத்தம் குறைவாகவும், ஒடுங்கிய, கூரான இடத்தில் சுற்றினால் அதிகமாகவும் விழும் என்பது பௌதிகம். கெண்டைக்கால் உருண்டையானது, சதைப் பிடிப்பானது, தாங்கிக்கொள்ளும். முன்னங்கால் எலும்பின் விளிம்பு, கணுக்கால் மொட்டு, குதிகாலுக்கு மேலே தசைநாண் துருத்தும் இடம், குதிகால் ஆகியவை அப்படியல்ல. தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை இல்லை. அழுத்தம் முழுதும் நுண்ணிய ரத்தக் குழாய்கள்மேல் இறங்குகிறது. ரத்த ஓட்டம் தடைபட்ட தோல் முதலில் சிவக்கும், பிறகு கொப்புளிக்கும், கடைசியில் கறுத்துச் செத்துப்போகும்.

இரண்டாவது எதிரி மடிப்பு. நீள காலுறை உட்கார்ந்து எழும்போது கீழே நழுவிச் சுருளும். சுருண்ட இடத்தில் துணி இரண்டு, மூன்று மடங்காகிறது, இறுக்கமும் கூடுகிறது. முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டியது போலாகி, மேலே ஏற வேண்டிய ரத்தத்தைத் தடுக்கிறது. காக்க வந்தது கட்டியை வரவழைக்கும் காரணமாகவே மாறிவிடுகிறது. மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட நோயாளிகளின் கால்களில் காலுறைகள் உண்மையில் தரும் அழுத்தத்தை அளந்த ஓர் ஆய்வு 2000இல் பிரிட்டனிலிருந்து வந்தது. பாதிக்கும் மேற்பட்ட கால்களில் சூத்திரம் தலைகீழாக இருந்தது; கீழே குறைவு, மேலே அதிகம். அப்படித் தலைகீழாக இருந்தவர்களிடம்தான் கட்டிகளும் அதிகம் வந்தன.

மூன்றாவது வியர்வை. பம்ப்பின் பட்டை காற்றுப் புகாத உறை. இருபத்து நான்கு மணி நேரமும் சுற்றியிருந்தால் உள்ளே தோல் வெந்து, ஊறி, தண்ணீரில் கிடந்த விரல் போலாகிவிடுகிறது. ஊறிய தோல் சின்ன உராய்வுக்கே உரியும். மே மாதத்து நாக்பூரிலோ லக்னோவிலோ ஏ.சி. இல்லாத பொது வார்டில் இது எவ்வளவு விரைவில் நடக்கும் என்பதை யூகிப்பது கஷ்டமில்லை. தொடைக் காலுறை நழுவாமலிருக்க மேல் விளிம்பில் வைத்திருக்கும் சிலிக்கோன் பட்டை சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் தடிப்பும் கொப்புளமும் உண்டாக்குவதும் உண்டு.

வலிக்காத காலின் ஆபத்து

செருப்பு கடித்தால் கழற்றி எறிகிறோம். வலி அதைச் செய்ய வைக்கிறது. காலுறைப் புண்ணில் விபரீதம் என்னவென்றால், யாருக்கு அது எளிதில் வருகிறதோ அவர்களுக்கு வலி தெரிவதில்லை. பக்கவாதத்தில் விழுந்த காலுக்கு உணர்வு குறைந்திருக்கலாம். உணர்வு இருந்தாலும் பேச்சு போயிருக்கலாம். முதுகுத் தண்டில் மயக்க ஊசி போட்டவருக்குச் சில மணி நேரம் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. ஐ.சி.யு.வில் மயக்கத்தில் இருப்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இவர்களோடு இந்தியாவில் ஒரு பெரும் கூட்டம் சேர்ந்துகொள்கிறது: சர்க்கரை நோயாளிகள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுதும் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்று மதிப்பிட்டது. நாள்பட்ட சர்க்கரை இரண்டு காரியங்களைச் செய்கிறது. கால் நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகளைக் குறுக்குகிறது. ஏற்கெனவே சொட்டுச் சொட்டாக ரத்தம் வரும் காலை வெளியிலிருந்தும் இறுக்கினால் தோல் பட்டினி கிடக்கிறது. ஒருவருக்குச் சாதாரணக் கொப்புளமாக ஆறிப்போவது இவருக்கு மாதக்கணக்கில் ஆறாத ரணமாகி, விரலையோ பாதத்தையோ இழக்கும் நிலைக்கும் கொண்டுபோகலாம்.

இதனால்தான் பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டி, காலின் தமனியில் அடைப்பு உள்ளவர்கள், அதற்கு பைபாஸ் செய்துகொண்டவர்கள், கால் மரத்தவர்கள், காகிதம் போல் மெலிந்த தோல் உடையவர்கள், சிரங்கும் புண்ணும் உள்ளவர்கள், கால் மிகவும் வீங்கியவர்கள் ஆகியோருக்கு இந்தக் காலுறை கூடாது என்று பட்டியலிடுகிறது. போடுமுன் பாதத்தில் நாடி துடிக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்க அரை நிமிடம் போதும். அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் அந்த அரை நிமிடம்தான்.

சிவக்காத தோல்

பாடப்புத்தகங்கள் சொல்லும் முதல் அபாய அறிகுறி சிவப்பு. சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்து, விட்டதும் மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது என்று அர்த்தம். அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப் புண்ணின் முதல் கட்டம். வெள்ளைத் தோலுக்கு இது கச்சிதமான சோதனை. மாநிறமும் கறுப்புமான தோலில் சிவப்பு எங்கே தெரியப்போகிறது?

அமெரிக்காவின் தேசியப் படுக்கைப் புண் ஆலோசனைக் குழு 2016இல் திருத்திய வரையறையிலேயே இந்த எச்சரிக்கை உண்டு. கறுத்த தோலில் முதல் கட்டம் வேறு மாதிரி தோன்றலாம். கண்ணுக்குத் தப்புவது கைக்கு அகப்படும். சுற்றியுள்ள இடத்தைவிட அங்கே சூடு கூடியிருக்கிறதா, சில்லென்று இருக்கிறதா? கல் போல் கெட்டியாக இருக்கிறதா, பஞ்சு போல் அமுங்குகிறதா? மற்ற காலின் அதே இடத்தோடு ஒப்பிட்டால் நிறம் ஒரு மாற்றுக் கறுப்பாகவோ ஊதாவாகவோ தெரிகிறதா? பட்டையின் விளிம்போ குழாயோ பதிந்த அச்சு அப்படியே நிற்கிறதா? சாதனத்தால் வரும் புண் பெரும்பாலும் அந்தச் சாதனத்தின் வடிவத்திலேயே இருக்கும். தோல் கறுத்தவர்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில், பார்வையிட்டால் மட்டும் போதாது, தடவிப் பார்க்க வேண்டும் என்பது நர்சிங் பயிற்சியின் அரிச்சுவடியாக இருக்க வேண்டும்.

யார் பார்ப்பது?

நைஸ் வழிகாட்டி இதில் கறாராக இருக்கிறது. காலுறையைத் தினமும் கழற்றி, காலைக் கழுவி, தோலைப் பார்க்க வேண்டும். அசைய முடியாதவர், உணர்வில்லாதவர், தோல் மெலிந்தவர் என்றால் தினம் இரண்டு மூன்று முறை. குதிகாலிலும் எலும்பு துருத்தும் இடங்களிலும் விசேஷக் கவனம். தடம் பதிந்திருந்தால், கொப்புளம் கண்டால், நிறம் மாறினால், வலி என்றால் நிறுத்த வேண்டும்.

ஒரு காலுறையைக் கழற்றி, பார்த்து, மடிப்பில்லாமல் மறுபடி மாட்டப் பல நிமிடங்கள் ஆகும். நர்ஸ்கள் போதாத வார்டில் ஒருவர் பொறுப்பில் எத்தனை கால்கள் என்று கணக்குப் போட்டால் தினசரிச் சோதனை ஏன் விட்டுப்போகிறது என்பது புரியும். தவிர, காலுறை மூடி மறைக்கும் பொருள். முதுகுப் புண்ணை உடை மாற்றும்போது யாராவது பார்த்துவிடுவார்கள். காலுறைக்குள் இருக்கும் புண் காலுறையைக் கழற்றும்வரை இல்லாத புண். கேஸ் ஷீட்டில் 'ஸ்டாக்கிங் போடப்பட்டுள்ளது' என்ற வரி இருக்கும். 'கழற்றிப் பார்க்கப்பட்டது' என்ற வரிக்கு இடமே இல்லாத படிவங்கள் உண்டு. மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று வழங்கும் என்.ஏ.பி.எச். அமைப்பு, அங்கே வந்த பிறகு உண்டான படுக்கைப் புண்களை எண்ணச் சொல்கிறது. கணுக்காலில் காலுறை போட்ட புண்ணும் அந்தக் கணக்கில் ஏறுகிறதா என்பது அந்தந்த மருத்துவமனையின் விழிப்பைப் பொறுத்தது.

இந்திய வார்டுகளில் ஒரு பலம் உண்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மகளோ மருமகனோ தம்பியோ இரவும் பகலும் உட்கார்ந்திருக்கிறார். சாதம் ஊட்டுவதும் தலை வாருவதும் அவர்தான். காலுறையைக் கழற்றுவது நர்ஸின் வேலை. ஆனால் இன்று கழற்றினீர்களா என்று கேட்கவும், காலில் புதிதாக ஏதும் தெரிகிறதா என்று பார்க்கவும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். சொல்லிக் கொடுப்பவர்கள் குறைவு. அதனால் நல்லெண்ணத்தில் அவர் செய்யும் காரியங்கள் சில வினையாகின்றன. காலுறை வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும் என்று எண்ணெய் தடவுகிறார். இறுக்கமாக இருக்கிறதே என்று முழங்காலுக்குக் கீழே சுருட்டிவிடுகிறார். வீங்கிய காலைப் பிடித்துவிட்டால் சுகமாக இருக்கும் என்று அமுக்குகிறார். உள்ளே கட்டி இருக்கும் காலை அமுக்குவது அதைக் கிளப்பிவிடும் காரியம்.

எல்லோருக்கும் வேண்டுமா?

இன்னும் அடிப்படையான ஒரு கேள்வியையும் ஆராய்ச்சிகள் எழுப்பியிருக்கின்றன. ஊசி போடும் நோயாளிக்குச் சாதனமும் தேவையா? சவூதி அரேபியா, கனடா, ஆஸ்திரேலியா, இந்தியா ஆகிய நாட்டு ஐ.சி.யு.க்களில் 2,003 பேரிடம் நடந்த 'பிரிவென்ட்' ஆய்வு 2019இல் வெளியானது. ஊசியோடு பம்ப்பும் போட்டவர்களில் பெரிய சிரைகளில் புதிதாகக் கட்டி வந்தவர்கள் 3.9 சதவீதம், ஊசி மட்டும் போட்டவர்களில் 4.2 சதவீதம். பம்ப் கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை. அடுத்த ஆண்டு பிரிட்டனில் 1,905 அறுவை சிகிச்சை நோயாளிகளிடம் நடந்த 'கேப்ஸ்' ஆய்வு, ஊசி போட்டவர்களுக்குக் காலுறை கூடுதல் பலன் தரவில்லை என்று கண்டது.

இதைப் படித்துவிட்டுக் காலுறையைக் கழற்றி எறிந்துவிடக் கூடாது. ஊசி போட முடியாதவர்களுக்குச் சாதனமே துணை. அசைய முடியாத பக்கவாத நோயாளிக்குப் பம்ப் உதவுகிறது என்பதும் நிரூபணமான செய்தி. கட்டி கொல்லும், புண் பெரும்பாலும் ஆறும். ஆய்வுகள் சொல்வது இவ்வளவுதான்: வார்டில் நுழைந்த எல்லாக் கால்களுக்கும் ஒரே சீருடை தேவையில்லை. யாருக்குத் தேவை என்று ஒருவர் யோசித்து எழுத வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதையும் எழுத வேண்டும். நடக்க ஆரம்பித்த நோயாளியின் சொந்தப் பம்ப், பெட்டியில் வரும் எந்தப் பம்ப்பையும்விட உசத்தி. மற்ற நாட்களில், ஒவ்வொரு நாளும், ஒரு ஜோடிக் கை அந்தக் காலுறையைக் கழற்ற வேண்டும். அதற்குச் செலவு பத்து நிமிடம். கழற்றாமல் விட்டால் ஆகும் செலவை நோயாளியின் குதிகால் சொல்லும்.

காலுறை மாட்டியவர்களுக்கும் கூட இருப்பவர்களுக்கும்

● அளவெடுத்துத்தான் போட வேண்டும். கணுக்கால், கெண்டை, நீளக் காலுறை என்றால் தொடை ஆகியவற்றின் சுற்றளவும் காலின் நீளமும் தேவை. ஆபரேஷனுக்குப் பிறகு கால் வீங்கினால் பழைய அளவு செல்லாது. மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

● சர்க்கரை நோய், கால் மரத்துப்போதல், நடந்தால் கெண்டை வலி, பழைய புண், ரப்பர் ஒவ்வாமை ஆகியவை இருந்தால் மாட்டும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

● சுருட்டவோ, மடிக்கவோ, விளிம்பைக் கத்தரிக்கவோ கூடாது. பாதத்தில் உள்ள ஓட்டை விரல்களின் நிறத்தைப் பார்ப்பதற்கு. விரல் வெளுத்தாலோ நீலம் பாரித்தாலோ, சில்லிட்டாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

● தினம் ஒரு முறையாவது கழற்றி, கழுவி, நன்றாக உலர்த்தி, குதிகால், கணுக்கால், முன்னங்கால் எலும்பு, முழங்கால் மடிப்பு ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். கறுத்த தோலில் புறங்கையை வைத்துச் சூடு பாருங்கள்.

● எண்ணெயோ களிம்போ தடவிய கையோடு மாட்டக் கூடாது.

● பம்ப்பின் குழாய் காலுக்கு அடியில் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டைக்குள் வியர்த்து நனைந்திருந்தால் நர்ஸிடம் சொல்லித் துடைத்து உலர்த்த வேண்டும்.

● கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். நீங்களாகச் சாதனத்தை நிறுத்திவிட்டுச் சும்மாவும் இருக்காதீர்கள். நிறுத்தினால் அதற்குப் பதில் என்ன தடுப்பு என்று டாக்டரிடம் கேளுங்கள்.

● ஒரு கால் மட்டும் வீங்கினால், கெண்டை சூடாகி வலித்தால் அமுக்கிவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று மூச்சுத் திணறல், நெஞ்சு வலி என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள், வீட்டுக்கு வந்துவிட்ட பிறகும்.